உறங்கும் எஞ்சினை நம்பலாமா?

சென்ற மாதம் நம் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு விவாதம் நடந்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டுமே நமக்குக் கிட்டும் சாம்பார் அன்றுதான் பரிமாறப்பட்டது. ஆதலால் விவாதத்தில் நான் முழு மனத்துடன் ஈடுபடவில்லை. விமானப் பொறியியல் படிக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: "நம் பல்கலைக்கழகத்தில் என்றாவது ஒரு பறத்தல் கழகம் ஏற்படுமானால், அதற்கு வாங்க வேண்டியது தானே மேலெழும் கிளைடர்தான். இழுத்துச் செல்ல வேறொரு விமானம் வேண்டாம். வின்ச் வேண்டாம், கம்பி வேண்டாம். எஞ்சின் உள்ளேயே இருக்கிறது. காற்று கைவிட்டால் பொத்தானை அழுத்திவிட்டு வீடு திரும்பலாம். அப்புறம் என்ன பயம்?"

உடனிருந்தோர் அனைவரும் ஆமோதித்தனர். எனக்கு அவருடைய மற்ற வாக்கியங்களோடு பகை இல்லை. "அப்புறம் என்ன பயம்?" என்ற கடைசி வாக்கியத்தோடுதான் சண்டை. சாம்பார் தீர்ந்துவிட்டபடியால் அந்தச் சண்டையை இப்போது இங்கே போடுகிறேன்.

கலையும் வணிகமும் பயிலும் நண்பர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். கிளைடர் என்பது எஞ்சின் இன்றிப் பறக்கும் விமானம். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலேயே வட்டமிட்டு உயரம் சேர்த்துக்கொண்டு, பிறகு சறுக்கிக்கொண்டே தூரம் போகும். ஊரில் மத்தியான வேளையில் பருந்து செய்வதைத்தான் இங்கே மனிதன் செய்கிறான். நல்ல கிளைடர் ஒன்று ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 45 முதல் 50 கிலோமீட்டர் வரை சென்றுவிடும். ஆனால் முதலில் அதை உயரே கொண்டுபோய் விட யாராவது வேண்டும். புனேயை அடுத்த ஹடப்சரில் உள்ள மையத்தில் வின்ச் என்னும் யந்திரம் நீண்ட கம்பியைச் சுருட்டி இழுக்க, கிளைடர் பட்டம் போல எழும்புகிறது. வேறு இடங்களில் எஞ்சின் உள்ள விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போகிறது. மூன்றாவது வழி நம் நண்பர் சொன்னது. விமானியின் முதுகுக்குப் பின்னால், உடலின் வயிற்றுக்குள் ஓர் எஞ்சின் ஒளிந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கும். ஒரு தூண் புரொப்பெல்லரைச் சுமந்துகொண்டு எழுந்து நிற்கும். அதன் பலத்தில் மேலே ஏறியபின் எஞ்சினை நிறுத்தி, தூணை மடக்கி, கதவை மூடிவிட்டால் மறுபடியும் சுத்தமான கிளைடர்.

எண்ணம் புதிதன்று. 1935-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கார்டன்-பெய்ன்ஸ் என்ற கிளைடரில் 249 சி.சி. வில்லியர்ஸ் எஞ்சின் ஒன்றை மடக்கி உள்ளே வைத்துப் பறந்திருக்கிறார்கள். 1976-இல் பின்லாந்தில் பறந்த பிக்-20இ என்பதில் விமானி கையாலேயே பிடியைச் சுற்றி எஞ்சினை மேலே ஏற்ற வேண்டும். 1981-இல் ஜெர்மனியில் வந்த டிஜி-400 அந்த வேலையை மின்மோட்டாரிடம் ஒப்படைத்தது. ஷ்லைஷர் கம்பெனியின் ஏஎஸ்ஹெச் 26இ-யில் எஞ்சின் உள்ளேயே இருந்துவிடும், புரொப்பெல்லர் மட்டும் தூணோடு எழும், இரண்டையும் பெல்ட் இணைக்கும். ஸ்டெம்மே எஸ்10 முற்றிலும் வேறு ஜாதி. அதில் மூக்கு முன்னே நகர்ந்து இடைவெளி விட, மடிந்திருந்த புரொப்பெல்லர் இதழ்கள் அங்கே விரிந்து சுழலும். நம் நாட்டில் சிவில் விமானத்துறையின் தொழில்நுட்ப மையம் 1958-இல் அச்வினியையும் 1963-இல் கார்த்திக்கையும் வடித்தது. ரோகிணி, பரணி என்று நட்சத்திர வரிசையிலேயே பெயர் வைத்தார்கள். அவற்றில் மடங்கும் எஞ்சின் கிடையாது. ஆகவே இந்த விஷயத்தில் நமக்கு வீட்டு அனுபவம் குறைவு. நான் எழுதப் போவதும் வெளியூர் அனுபவமே.

சென்ற ஆண்டு கோடையில் மூன்று மாதப் பயிற்சிக்காக ஜெர்மனிக்குச் சென்றிருந்தேன். சனி ஞாயிறுகளில் பக்கத்து ஊரின் கிளைடர் கழகத்துக்குப் போவது வழக்கமாயிற்று. அங்கே ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. பறக்க விரும்புபவன் பட்டறையில் உழைத்தாக வேண்டும். டாக்டரும் சரி, வங்கி அதிகாரியும் சரி, குளிர்காலத்தில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு இறக்கையைத் தேய்க்கிறார்கள். அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் கழகங்களுக்கும் இதே பரம்பரைதான். உலகின் முதல் கண்ணாடியிழைக் கிளைடரான பீனிக்ஸ், ஸ்டுட்கார்ட் மாணவர் கழகத்தின் வழியில் பிறந்து 1957-இல் பறந்தது. மாணவர்கள் செய்தது என்பதை நம்மவர்கள் ஒரு முறைக்கு இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

ஒரு ஞாயிறு மாலை. கழகத்தின் பழைய கிளைடர் ஒன்று திரும்பி வரவில்லை. இரண்டு இருக்கை இல்லாதது, இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. ஐந்து மணிக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பார்லி வயலில் இறங்கியிருக்கிறது, விமானிக்குக் காயமில்லை. டிரெய்லரை எடுத்துக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எஞ்சின் தூண் நெட்டுக்குத்தாக நீட்டியபடி நின்றது. விமானி வயல் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நடந்தது இது. மாலையில் வெப்பக் காற்று ஓய்ந்துவிட்டது. வழியில் வெட்டிய கோதுமை வயல்கள் இரண்டு, இறங்குவதற்கென்றே வைத்தாற்போலக் கிடந்தன. "எஞ்சின் இருக்கிறதே" என்று அவற்றைத் தாண்டி வந்தார். சுமார் 250 மீட்டர் உயரத்தில் எஞ்சினை நீட்டினார். தூண் எழுந்தது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். புரொப்பெல்லர் கால் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே கால் சுற்று.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மடங்கிய நிலையில் அந்தக் கிளைடர் ஒன்றுக்கு 45 என்ற விகிதத்தில் சறுக்குகிறது என்று கொள்வோம். 250 மீட்டர் உயரம் பதினொரு கிலோமீட்டருக்குப் போதும். ஆனால் தூணும் புரொப்பெல்லரும் திறந்த கதவுகளும் காற்றில் நின்றதுமே அந்த விகிதம் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். கணக்கின் வசதிக்கு 20 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஐந்து கிலோமீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் வீதம் கீழிறங்கும். மொத்தம் இருநூறு நொடி. அதில் தூண் எழும் நேரம் போயிற்று. இரண்டு மூன்று முறை பொத்தானை அழுத்திய நேரம் போயிற்று. வயலைச் சுற்றி வந்து இறங்கத் தேவையான உயரமும் போயிற்று. அதாவது உதவிக்கு என்று நீட்டிய கை, நீட்டிய அந்தக் கணத்திலேயே நம்மிடம் இருந்த சேமிப்பில் பாதிக்கு மேல் பிடுங்கிக்கொள்கிறது. எஞ்சின் ஓடினால் வட்டியோடு திருப்பித் தரும். ஓடாவிட்டால்?

இவ்வகைக் கிளைடர்களில் உயிர்ச்சேதம் நேரும் கதை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது. எஞ்சின் ஓடாததால் மட்டும் யாரும் சாவதில்லை. எஞ்சின் இல்லாமல் பறப்பதுதானே கிளைடரின் பிறப்புரிமை! எஞ்சின் ஓடவில்லையே என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் சாகிறார்கள். கண் கண்ணாடியில் தெரியும் புரொப்பெல்லரிடம் போய்விடுகிறது. விரல் பொத்தானில் இருக்கிறது. வேகமானியைப் பார்ப்பாரில்லை. வேகம் குறைந்து, தாழ்ந்த உயரத்தில் திரும்பும்போது இறக்கை தன் பிடியை இழக்க, விமானம் சுழன்று விழுகிறது. நம்மவர் நான்காம் முறை பொத்தானை அழுத்தவில்லை. எஞ்சினை விட்டுவிட்டு, முன்னே தெரிந்த பார்லியில் இறக்கிவிட்டார். அனுபவம் என்று நான் மதிப்பது இதைத்தான். மடக்குவதற்குக்கூட அவர் முயலவில்லை; நீட்டியதை நீட்டியபடியே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை பட்டறையில் கூடினோம். ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். முதல் அழுத்தலிலேயே எஞ்சின் முழங்கியது!

இதைவிட மோசமான செய்தி பழுது பார்ப்பவனுக்கு இல்லை. கெட்டுப்போன பொருள் கெட்டே இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். வானத்தில் கெட்டு, தரையில் நல்ல பிள்ளையாக நடிக்கும் பொருளை எப்படி விசாரிப்பது? "நீங்கள் சரியாக அழுத்தியிருக்க மாட்டீர்கள்" என்று ஒருவர் விமானியையே குற்றவாளியாக்கப் பார்த்தார். வேறொருவர் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். மற்றொருவர் புதுப் பாட்டரி வாங்க வேண்டும் என்றார். நானும் என் பங்குக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் குற்றம் சாட்டினேன். ஆளுக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு விலை.

கழகத்தின் பட்டறையைக் கவனித்துக்கொள்பவர் ஓய்வு பெற்ற மெக்கானிக், எழுபது வயதைத் தாண்டியவர். அவர் எங்கள் யோசனைகளை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தப் படி வரையில் ஒழுங்காக நடந்தது?" கதவு திறந்தது. தூண் எழுந்தது. முழுதும் எழுந்ததைத் தூணின் லிமிட் ஸ்விட்ச் அறிந்து அனுமதி விளக்கைப் போட்டது. ஸ்டார்ட்டர் உயிர் பெற்றுக் கால் சுற்றுச் சுற்றியது. அப்படியானால் பெட்ரோலையும் பிளக்கையும் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை என்றார் அவர். எஞ்சின் சுற்றவே இல்லை, பிறகு அது தீப்பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? பிளக் மாற்றியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மல்டிமீட்டர் வந்தது. பாட்டரியில் 12.6 வோல்ட், குறையில்லை. கம்பிகளின் தடையை அளந்தார், ஏறத்தாழ சூனியம், அதிலும் குறையில்லை. அத்தோடு நான் என் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் மூடவில்லை. பாட்டரியை ஒரு முழு இரவு குளிர்ப் பெட்டியில் வைத்து, விடியற்காலையில் எடுத்து மாட்டி, தூணை ஒரு முறை ஏற்றி இறக்கி மறுபடி ஏற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை அழுத்தும் அதே நொடியில் இரண்டு இடங்களில் அளந்தார். பாட்டரியின் முனைகளில் 11 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். ஸ்டார்ட்டரின் முனைகளில் 8 வோல்ட். நடுவில் மூன்று வோல்ட்டைத் தின்றவன் யார்?

எர்த் கம்பி. பாட்டரியின் எதிர்முனையையும் எஞ்சின் தாங்கியையும் இணைக்கும் பின்னல் பட்டை. தாங்கியில் அதைப் பிடித்திருந்த போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருந்தது. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கிறது என்றால் மூன்று வோல்ட்டைத் தின்ன 0.03 ஓம் தடை போதும். அந்தத் தடையை மல்டிமீட்டரால் தனியே அளக்க முடியாது. அதன் சொந்தக் கம்பிகளிலேயே அதைவிட அதிகத் தடை உண்டு! மின்னோட்டம் பலமாக ஓடும்போது மட்டும் இந்தத் திருடன் வெளியே வருவான். தரையில் வெதுவெதுப்பான பாட்டரி அவனுக்குக் கொடுத்தது போக மீதியில் எஞ்சினைச் சுற்றிவிட்டது. மூன்று மணி நேரம் குளிர்ந்த உயரங்களில் கிடந்து, தூணையும் அப்போதுதான் தூக்கி முடித்திருந்த பாட்டரியால் அது முடியவில்லை. உப்புத்தாள், புது வாஷர், கொஞ்சம் கிரீஸ். செலவு ஒரு யூரோவுக்கும் குறைவு.

ஓம் விதியை நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தேன். அதை வைத்து மூன்று தேர்வுகளில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் பட்டறையில் என் மூளைக்கு அது எட்டவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் மீதியிருந்த வாரங்களில் அந்தப் பெரியவரின் பழுதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேட்டுப் பெற்றேன். ஒவ்வொரு கோளாற்றையும் தேதி போட்டு, முதலில் எதைச் சந்தேகித்தோம், கடைசியில் எது காரணம் என்று இரண்டு பத்தியாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பத்தியும் ஒத்துப்போன பக்கங்கள் சொற்பம். பிஸ்டன், கிராங்க் போன்ற பெரிய மனிதர்கள் பெயர் அங்கே அபூர்வம். குற்றவாளிகள் எல்லோரும் சில்லறை ஆட்கள்.

தூண் பாதியில் நின்று ஃபியூஸ் போகிறதா? தூக்கும் மோட்டாரைத்தான் எல்லோரும் பழிப்பார்கள். தூணுக்குத் தோள் கொடுக்கும் வாயு ஸ்பிரிங் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தம் இழந்திருக்கும். அதன் பாரமும் மோட்டாரின் தலையில் விழுந்து மோட்டார் அதிக மின்சாரம் இழுத்திருக்கும். மோட்டாரை மாற்றினால் புது மோட்டாரும் ஆறு மாதத்தில் அதே கதிதான். அல்லது குற்றம் விமானியுடையதாகவும் இருக்கலாம். குறித்த வேகத்துக்கு மேல் பறந்துகொண்டே நீட்டினால் எதிர்க்காற்றே தூணைத் தள்ளி நிறுத்திவிடும். தூண் முழுதும் எழுந்தும் ஸ்டார்ட்டர் செத்துக் கிடக்கிறதா? லிமிட் ஸ்விட்சைத் தாங்கும் சிறு தகடு அதிர்ச்சியில் ஒரு மில்லிமீட்டர் வளைந்திருக்கும். தூண் எழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டி தன் கடமையை ஒழுங்காகச் செய்து எஞ்சினைத் தடுக்கிறது. அதைக் கோபித்துக்கொண்டு ஸ்விட்சைக் கம்பியால் குறுக்கே இணைத்துவிடும் புத்திசாலிகளும் உண்டு. அவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்த ஜெர்மன் சொல்லுக்கு நம் பத்திரிகை ஆசிரியர் இடம் தரமாட்டார்.

புரொப்பெல்லரின் சங்கதி இன்னும் வேடிக்கை. ஓடுவதைவிட நிற்பதில்தான் அதற்குத் தொல்லை. மடக்கும்போது அது தூணோடு ஒட்டி நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கதவின் விளிம்பில் இடிக்கும், அல்லது உடலையே உடைக்கும். எஞ்சினை அணைத்தபின் எதிர்க்காற்று அதைக் காற்றாடி போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். விமானி வேகத்தைக் குறைத்து, அதை ஓயவிட்டு, பிரேக்கும் தடுப்புக் கட்டையும் உள்ள ரகமானால் அவற்றையும் உபயோகித்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நேர் நிறுத்த வேண்டும். நேராக நின்றதா என்று சொல்ல ஓர் உணர்கருவி; அது அறிவதற்கு ஒரு சிறு காந்தம். அந்தக் காந்தத்தை ஒட்டிய பசை வெப்பத்தில் இளகி, காந்தம் நகர்ந்துவிட்டால், கோணலாக நிற்கும் புரொப்பெல்லரை 'நேர்' என்று பெட்டி சான்று கூறும். கண்ணாடியை நம்பியவன் பிழைத்தான். விளக்கை நம்பியவன் கதவைப் பழுது பார்க்கப் போனான். பெல்ட் தளர்ந்தால் எஞ்சின் முழங்கும், ஏற்றம் வராது. இவை போகட்டும், புரொப்பெல்லரே கழன்று போவதும் கற்பனையன்று. வீடு திரும்ப மட்டும் உதவும் சோலோ 2350 சி என்ற சிறு எஞ்சினில் தண்டு உடைந்து புரொப்பெல்லர் பிரிந்துபோன சம்பவத்தை ஒட்டி, ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் 2013-இல் அவசர ஆணை பிறப்பித்திருக்கிறது.

இத்தனைக்கும் பின்னால் இருக்கும் காரணத்தை இனிச் சொல்கிறேன். இந்த எஞ்சின்கள் மட்டமாகச் செய்யப்பட்டவை அல்ல. செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் நம் பாடப் புத்தகங்களில் வரும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடி ஓடித் தேயும். இந்த எஞ்சின் ஒரு நாளில் பத்து நிமிஷம் ஓடும். பிறகு ஒரு வாரம் உறங்கும். குளிர்காலத்தில் ஐந்து மாதம் உறங்கும். பத்து வருஷமான எஞ்சின் ஐம்பது மணி நேரம்தான் ஓடியிருக்கும். "புதுசு மாதிரி" என்று விற்பவர் சொல்வார். புதுசு அன்று. அதன் ரப்பர் குழாய்களுக்குப் பத்து வயது. கார்புரேட்டரின் மெல்லிய டயஃப்ரம் விறைத்துப் போயிருக்கும். பெட்ரோல் ஆவியாகிப் போக, அதில் கலந்த எண்ணெய் மட்டும் பிசினாகி நுண்துளைகளை அடைத்திருக்கும். மணிக்கணக்கைப் பார்த்துப் பராமரிக்கும் பழக்கம் இங்கே உதவாது; காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே பெட்ரோல் நிலையங்களில் இன்று கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் நீரோடு சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தினம் ஓடும் மோட்டார் சைக்கிளில் இது பெரிய தொல்லையாகத் தெரியாது. மழைக்காலம் முழுதும் கொட்டகையில் கிடக்கும் கிளைடரின் தொட்டியில் அந்தப் பெட்ரோலை விட்டுவைப்பவன், உற்பத்தியாளரின் கையேட்டைப் படிக்காதவனாகவே இருப்பான்.

"மின்சார எஞ்சின் வந்துவிட்டதே, இந்தப் பெட்ரோல் புராணம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் 2003-இல் பறந்த அன்டாரஸ் 20இ மின்சாரத்தாலேயே தானாக மேலெழுகிறது. மூக்கிலேயே புரொப்பெல்லரை மடித்து வைத்து, தூணே இல்லாமல் செய்துவிட்ட மின் ஏற்பாடுகளும் இன்று நிறையவே புழங்குகின்றன. கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, குளிரில் கிளப்பும் தொல்லை இல்லை. பொத்தானை அழுத்தினால் ஓடும் என்ற நம்பிக்கைக்கு இவை மிக நெருங்கி வந்துவிட்டன என்பதை நான் மறுக்கவில்லை. நாளை நம் கழகத்துக்கு ஒன்று வாங்குவதானால் நானும் இதற்கே ஓட்டுப் போடுவேன். ஆயினும் 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ஹம் விமானதளத்தில், அவ்வாறான ஒரு கிளைடர் தரையிறங்கும்போது அதன் பாட்டரியில் தீப்பற்றியது. விமானி பத்திரமாக வெளியே வந்தார். பழுது தன் வீட்டை மாற்றிக்கொண்டதே ஒழிய ஊரைவிட்டுப் போகவில்லை. உறங்கும் கம்பி இணைப்புகளும் லிமிட் ஸ்விட்சுகளும் அங்கேயும் உண்டு.

அப்படியானால் இந்தக் கிளைடரே வேண்டாம் என்கிறேனா? இல்லை. இழுத்துச் செல்லும் விமானமும் அதன் விமானியும் கிடைப்பது அரிதான நம் நாட்டில், தானே மேலெழுவது பெரிய வரம். மேலெழுவதற்கு அதை நம்பலாம். அப்போது நாம் ஓடுதளத்தில் நிற்கிறோம். எஞ்சின் முரண்டு பிடித்தால் கதவைத் திறந்து இறங்கி வந்து தேநீர் குடிக்கலாம். எழும்பிய உடனே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்போம். காப்பாற்றுவதற்கு மட்டும் அதை நம்பக்கூடாது. முதலில் இறங்கத் தகுந்த வயல், அதன்மேல் போதிய உயரம், பிறகே பொத்தான். இந்த உயரத்துக்குக் கீழே வந்தால் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுவேன் என்று கிளம்பும் முன்பே ஓர் எண்ணை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைப் பார்லி வயலுக்கு மேலே போய் யோசிக்க முடியாது.

என் நண்பருடைய திட்டத்தில் நான் சேர்க்க விரும்புவது இன்னொன்று. விமானம் வாங்கப் பணம் கேட்டு மனுப்போடும் கழகம், பழுதைத் தேடத் தெரிந்த ஆட்களுக்கும் சேர்த்து மனுப்போட வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களில் எல்லாக் கருவியும் சரியாக வேலை செய்யும் என்ற அனுமானத்தில்தான் பரிசோதனை தொடங்குகிறது. கருவி வேலை செய்யாவிட்டால் உதவியாளர் வந்து வேறொன்றைக் கொடுக்கிறார். நாம் அளவுகளைக் குறித்துக்கொண்டு வெளியேறுகிறோம். ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடியதற்கு மதிப்பெண் போடும் பேராசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இதில் நம் தமிழ் மாணவர்களை மட்டும் தனியாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே பஞ்சாபியும் வங்காளியும் அப்படித்தான். ஊரில் மோட்டார் பம்பு செட்டைப் பிரித்து மாட்டி வளர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் நம் சங்கத்திலேயே இருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் அவர் வாய் திறப்பதில்லை. வெட்கமாம். அந்தப் பார்லி வயல் விவகாரத்தை அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். "கால் சுற்று சுற்றி நின்றது" என்றதும், "எர்த்தைப் பார்த்தீர்களா அண்ணா?" என்றார்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு சிறு யோசனை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல், பட்டறைக் கொட்டகையின் பின்புறம் கூடுவோம். யாரோ விட்டுப்போன பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட் ஒன்று அங்கே கிடக்கிறது. காவலரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒருவர் முன்கூட்டியே அதில் ஒரு பழுதை ஒளித்து வைப்பார், மற்றவர்கள் தேட வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன், எதைச் சந்தேகிக்கிறோம், ஏன் என்று நோட்டில் எழுத வேண்டும். முதல் முறை பழுது வைக்கும் பொறுப்பை மேற்சொன்ன இரண்டாம் ஆண்டு நண்பர் ஏற்றிருக்கிறார். என்னிடம் மல்டிமீட்டர் ஒன்றுதான் இருக்கிறது, வைத்திருப்போர் கொண்டுவரவும். கலை, வணிக மாணவர்களும் வரலாம். தேநீர் உண்டு. சாம்பாருக்கு நான் பொறுப்பல்ல.